கிளாக்கோமா மென்பொருளும் ஐந்து இனிஷியலும்

தேவகோட்டையில் கண் கிளினிக் தொடங்கப்போகும் நண்பர், நான் வைத்திருக்கும் நோயாளிப் பதிவு மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டார். போனில் பேசினால் வெறும் திட்டாகத்தான் வரும், அதனால் எழுதுகிறேன்.

கிளாக்கோமாவுக்கென்று, அதாவது கண் நரம்பு கெட்டுப் பார்வை மெல்லப் போகும் நோய்க்கென்று, செய்திருக்கும் பகுதி பிரமாதம். கண் அழுத்தம் தேதிவாரியாகக் கோடாக ஓடும். சொட்டு மருந்து தொடங்கிய, மாற்றிய இடங்களில் சின்ன அம்புக்குறி. "பார்வை நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தினம் ராத்திரி மருந்து?" என்று கேட்கும் ஆச்சிகளிடம், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்று தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். இப்போது திரையைத் திருப்பிக் காட்டினால் போதும். மருந்தை விட்ட மாதத்தில் கோடு 26-க்கு ஏறி நிற்கும்.

சரி, பெயருக்கு வருவோம். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். இனிஷியலுக்கு இரண்டே எழுத்து. காரைக்குடியில்! இங்கே நாலைந்து இனிஷியல் வரிசையாக நிற்கும், ஆள் யாரென்று காட்டுவதே அதுதான். பெயரென்று பார்த்தால் லெட்சுமணன், அழகப்பன், மெய்யம்மை, வள்ளியம்மை. ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர். இந்த நோயோ குடும்பத்தில் வருவது. ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், பேரன்கள் என்று நாமே வரச்சொல்லிப் பார்க்கிறோம். ஆக ஐயாவும் பேரனும் ஒரே பெயரில், ஒரே விலாசத்தில், சென்னையில் இருக்கும் மகனுடைய ஒரே செல் நம்பரில்.

ஒருநாள் இருபத்தெட்டு வயதுப் பையனின் பதிவைத் திறந்தேன். இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்து லென்ஸ் வைத்தாயிற்று என்றது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு மீசையே இப்போதுதான் ஒழுங்காக வந்திருந்தது. தவறாக ஏறியதை அழிக்க முடியாது, அடித்துக்காட்டத்தான் முடியும். அது சரியான ஏற்பாடு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இரண்டு பேரைப் பிரித்துப் போட கம்பெனிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும்.

கேட்டால், "ஆபா எண்ணை வச்சுத் தேடுங்க டாக்டர்" என்கிறார்கள். 2021-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் ஆளுக்கொன்றாகத் தரும் 14 இலக்க சுகாதார எண். நல்ல விஷயம்தான். ஆனால் அது கட்டாயமில்லை. எண்பது வயது ஆச்சி மஞ்சள் பையில் கொண்டுவருவது பழைய சீட்டும் காலியான சொட்டு மருந்துக் குப்பியும்தான். எங்கள் வரவேற்பு அக்கா விலாசக் கட்டத்தில் 'ஐயா', 'பேரன்', 'சிங்கப்பூர்' என்று எழுதிச் சமாளிக்கிறார். கம்பெனி எழுதிய மென்பொருளைவிட அவர் கண்டுபிடித்த முறைதான் எங்களைக் காப்பாற்றுகிறது.

வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் இந்த வருட ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு) பணத்தைக் கட்டிவிட்டேன், அது வேறு விஷயம். அந்தக் கோடு இல்லாமல் இனி என்னால் கிளாக்கோமா பார்க்க முடியாது. அப்புறம், டெமோ காட்ட ஆள் வந்தால் முதல் வேலையாக உங்கள் அப்பச்சியையும் (அப்பாவையும்) உங்கள் மகனையும் முழு இனிஷியலோடு பதியச் சொல்லுங்கள்.