ஒரே திராட்சை, இரண்டு குணம்: ஷாப்ளியா, கலிபோர்னியா ஷார்டனேவா?

இரண்டுமே ஷார்டனே என்ற திராட்சையில் செய்யும் வெள்ளை வைன்கள்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் சொந்தக்காரர்கள் என்றே தோன்றாது.

பிரான்சின் ஷாப்ளி குளிர்ப் பிரதேசம். சிப்பி ஓடுகள் புதைந்த சுண்ணாம்பு மண். பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் நொதிக்க வைப்பார்கள். முதல் மடக்கில் எலுமிச்சைப் புளிப்பு, அப்புறம் நனைந்த கல்லின் வாசம்.

கலிபோர்னியாவின் பிரபல பாணியில் ஓக் பீப்பாய் தரும் வனிலா, கூடவே வெண்ணெய் மணம். வெண்ணெயை யாரும் சேர்ப்பதில்லை. மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக்கும் பாக்டீரியா உண்டாக்கும் டைஅசிட்டைல் என்ற பொருளின் வேலை அது. பிரெஞ்சு வைன்களும் கலிபோர்னியா வைன்களும் மோதிய 1976 பாரிஸ் சுவைப்போட்டியில் வெள்ளை வைன்களில் முதலிடம் பிடித்தது, கலிபோர்னியாவின் நாபா பகுதியிலுள்ள ஷாத்தோ மாண்டலீனா நிறுவனத்தின் ஷார்டனேதான். பின்னாளில் ஓக் அளவுமீறிப்போக, 'ஷார்டனே மட்டும் வேண்டாம்' என்றே ஒரு கூட்டம் கிளம்பியது.

முதல் கோப்பை இரண்டிலும் ருசிக்கும். இரண்டாவதுக்கு என் கை ஷாப்ளி பக்கமே போகிறது. வெண்ணெய் சீக்கிரம் திகட்டிவிடுகிறது.