ஷீல்டு கேபிளுக்குக் காசு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் கனெக்டர் போட்டார்கள்

கோவையில் பட்டறைக்கோ ஆபீசுக்கோ நெட்வொர்க் கேபிள் இழுக்கப் போகிறவர்கள், மீதிப் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் பட்டறையில் வெல்டிங் செட்டும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்ட மோட்டார்களும் நாள் முழுக்க ஓடும். இவை கிளப்பும் மின் இரைச்சல் நெட்வொர்க் கேபிளுக்குள் புகுந்து சிக்னலைக் கெடுக்கும். அதனால்தான் ஷீல்டு, அதாவது இரைச்சலைத் தடுக்கக் கம்பிகளைச் சுற்றிப் பாயில் என்ற மெல்லிய உலோகத் தாள், உள்ள கேட் 6ஏ ரக நெட்வொர்க் கேபிளே வேண்டும் என்று கேட்டு, கூடுதல் விலைக்கும் ஒத்துக்கொண்டோம். கொட்டேஷனில் 'ஷீல்டட் கனெக்டர்' என்று தனி வரியே இருந்தது. கேபிள் நல்ல கேபிள்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெல்டிங் ஆரம்பித்ததும் அந்தக் கேபிளில் இணைத்த கேமராவில் படம் நின்றுவிடும். கேட்டால் "கேமரா கோளாறுங்க சார்" என்றார்கள். அப்புறம் "நெட்வொர்க் ஸ்விட்ச் மாத்திப் பாக்கலாங்க" என்று அதற்கும் ஒரு பில்.

கேபிள்கள் வந்து சேரும் ராக்கில் (ஸ்விட்ச் வைத்திருக்கும் இரும்புச் சட்டம்) ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கடையில் கைப்பிடி அளவு அள்ளித் தருவார்களே, அந்தச் சாதாரண பிளாஸ்டிக் கனெக்டர். பாயிலையும், அதோடு ஓடும் வெறும் செம்புக் கம்பியான டிரெயின் ஒயரையும் மேலுறை முடியும் இடத்திலேயே ஒட்ட நறுக்கிவிட்டிருந்தார்கள். கேட் 6ஏ கம்பியின் இன்சுலேஷன் தடிமன் அதிகம். சாதாரண பிளக்கின் துளையில் சுலபமாக நுழையாது. அதனால் ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும் கம்பிகளின் முறுக்கை இரண்டு அங்குலத்துக்கு மேல் பிரித்து, இழுத்துத் திணித்திருக்கிறார்கள். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவே கூடாது. இரைச்சலைத் தடுப்பதில் பாதி வேலை அந்த முறுக்குடையது. மேலுறையும் பிளக்குக்கு வெளியே நின்றதால் லேசாக இழுத்தாலே கம்பி ஆடியது.

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்றால், பாயிலை மேலுறை மேல் பின்னால் மடித்து, டிரெயின் ஒயரை அதன்மேல் சுற்றி, உலோக உடல் உள்ள கனெக்டரின் வால்பகுதியை அதன்மேல் இறுக்கிக் கிரிம்ப் செய்திருப்பார்கள். பாயிலின் உலோகப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். பல கேபிள்களில் மறுபக்கம் வெறும் பிளாஸ்டிக். ராக்கிலிருந்து எர்த்துக்குப் பச்சை மஞ்சள் ஒயரும் போயிருக்கும். எங்கள் ராக்கில் அதுவும் இல்லை. எந்த முனையிலும் எர்த் இல்லாமல் தொங்கும் பாயில், இரைச்சலைத் தடுக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யாது. 

வேலை முடிந்த அன்று கேபிள் டெஸ்டரில் காட்டத்தான் செய்தார்கள். எட்டுக் கம்பிகளுக்கான 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன, கடைசியில் உள்ள 'ஜி' மட்டும் எரியவில்லை. கேட்டதற்கு "அது எர்த்துங்க சார், கேமராவுக்குத் தேவைப்படாது" என்று சிரித்தார் அந்தத் தம்பி. அந்த 'ஜி' தான் ஷீல்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சேர்ந்திருக்கிறதா என்று காட்டும் விளக்கு! நாம் கூடுதல் காசு கொடுத்ததே அதற்குத்தான். மற்ற எட்டும் எரிந்தால் கம்பி வரிசை சரி என்பது மட்டுமே தெரியும். முறுக்கை எவ்வளவு பிரித்தார்கள் என்பது அதில் தெரியாது.

வேறு ஒருவரை வைத்து உலோகக் கனெக்டர் போட்டு, ராக்குக்கு எர்த்தும் கொடுத்தாயிற்று. இப்போது வெல்டிங் நடக்கும்போதும் படம் நிற்பதில்லை. பழையவர்கள் மீதிப் பணம் கேட்டு இன்னும் போன் செய்கிறார்கள். கழற்றிய பிளக்குகளை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், நேரில் வந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் வரவில்லை.