குணமா, சூழ்நிலையா?

பாம்பன்ல பக்கத்து வள்ளம் வெறும் வலையோட கரை திரும்புனா "அவன் சோம்பேறி"ன்னுடுறோம், அதே நாள் நமக்கு மீன் படலேன்னா மட்டும் வாடைக்காத்து, நீவாடு (கடல் நீரோட்டம்) சரியில்ல, டீசல் பத்தலன்னு வரிசையா வருது. 1958லயே உளவியல் அறிஞர் ஃப்ரிட்ஸ் ஹைடர் இந்த ரெண்டு விளக்கத்தையும், அதாவது ஆளு மேல போடுறது, சூழ்நிலை மேல போடுறதுன்னு பிரிச்சு எழுதிட்டாரு.

1967ல ஜோன்ஸ், ஹாரிஸ்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் செஞ்ச சோதனையில, கியூபா தலைவர் காஸ்ட்ரோவ ஆதரிச்சு கட்டுரை எழுதுன்னு சொன்னதாலதான் ஒருத்தன் எழுதுனான்னு தெரிஞ்சும், எழுதுனவன் காஸ்ட்ரோ பக்கம் சாஞ்சவன்னுதான் அந்தக் கட்டுரையப் படிச்சவங்க நெனச்சாங்க. அவ்ளோ சுலபமா ஆளு மேல போயிடுது மனசு.

குடிச்சிட்டு தொழிலுக்குப் போகாதவன் விஷயத்துல குணத்தையும் பாக்கணும்தான், ஆனா மொதல்ல சூழ்நிலைய விசாரிக்கிறதுதான் எனக்கு நியாயமா படுது. எங்க மாமா நாலு நாள் கடலுக்குப் போகல, ஊரே சோம்பேறின்னுச்சு, கிட்ட போயி கையப் பாத்தா நைலான் நரம்பு வலை அறுத்து ரெண்டு விரல் வீங்கிக் கெடக்கு, சோத்தையே ஸ்பூன்லதான் சாப்பிட்டாரு.