ஓசிஐ அட்டையோடு வட சிக்கிம்: ஒரு காட்டு ரூபார்பைத் தேடிப் போன கதை

2019 ஜூலையில் ஊருக்குப் போனபோது, சென்னையில் சொந்தக்காரர்களைப் பார்த்த கையோடு நானும் கணவரும் வட சிக்கிமுக்கும் போய் வந்தோம். காரணம் ஒரு செடி. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் உள்ள வீட்டுத் தோட்டத்தில், பெரிய இலைகள் கொண்ட ரூபார்ப் செடியின் அலங்கார வகைகளை வளர்க்கிறேன். அந்த இனத்திலேயே கம்பீரமான ரியம் நோபிலேவை அது விளையும் மலையிலேயே பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. (நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று வாங்குகிறோமே, அதுவும் ரூபார்ப் இனத்து வேர்தான்.)

முதலில் அனுமதி விஷயம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குப் போக நாமும் வெளிநாட்டவர்தான். சிக்கிமுக்குள் நுழைய ராங்போ சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டு வாங்கினோம். கட்டணம் இல்லை, வேலையும் சுருக்காக முடிந்தது. வட சிக்கிமுக்குத் தனி அனுமதி வேண்டும். அதைப் பதிவு பெற்ற பயண நிறுவனம் வழியாகத்தான் வாங்க முடியும், குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். சிக்கிம் தலைநகர் காங்டாக்கில் நாங்கள் முதலில் போன நிறுவனம் "ஓசிஐ இருந்தால் இந்தியர் மாதிரிதான், கவலைப்படாதீங்க" என்று சொல்லி முன்பணம் கேட்டது. அதை நம்பிப் போயிருந்தால் வழியில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அடுத்த நிறுவனத்தில் இருந்த பெண் பாஸ்போர்ட், ஓசிஐ நகல்களையும் படங்களையும் வாங்கிக்கொண்டு, "தாங்கு ஊர், சோப்டா பள்ளத்தாக்கு வரைக்கும்தான். குருடோங்மார் ஏரிக்கு உங்களை விடமாட்டார்கள்" என்று நேராகச் சொன்னார். முடியாததை முதலிலேயே முடியாது என்று சொல்பவர்களிடம் தாராளமாகப் பணம் கட்டலாம்.

காங்டாக்கிலிருந்து, தாங்குவுக்குப் போகும் வழியில் உள்ள மலையூரான லாச்சன் போக நாள் முழுக்க ஆகிவிட்டது. மழைக்காலத்தில் மண்சரிவு சகஜம். ஓட்டுநர் ஒவ்வொரு சரிவிலும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினார். லாச்சனில் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினோம். குழாயில் வெந்நீர் வராது, கேட்டால் வாளியில் கொண்டுவந்து வைப்பார்கள். மின்சாரம் வரும் போகும். சாப்பாடும் கவனிப்பும் அருமை. அந்த ஊரில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதனால் சொந்த பாட்டில் எடுத்துப் போங்கள். ரொக்கப் பணத்தைக் காங்டாக்கிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் தாங்குவுக்கு மேலே, மழை மேகம் கொஞ்சம் விலகியதும் ஓட்டுநர் கை நீட்டிக் காட்டினார். எதிர்ச் சரிவில், முழங்கால் உயரம்கூட இல்லாத செடிகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு வெளிர் மஞ்சள் கோபுரங்கள். அவைதான் ரியம் நோபிலே. 1849-ல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஹூக்கர் இதே பள்ளத்தாக்கில் ஒரு மைல் தூரத்திலிருந்தே இவற்றைப் பார்த்ததாக எழுதியது மிகையே இல்லை. பாதையோரம் ஒரு செடி நின்றது. பூக்களை மூடி அந்த மஞ்சள் கோபுரமாக அடுக்கியிருப்பவை இலைமடல்கள். வெளியே நீர் சொட்டிக்கொண்டிருந்த ஒரு மடலை விரலால் லேசாகத் தூக்கினேன். உள்ளே சொட்டு ஈரம் இல்லை. பச்சைப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன, அவற்றின்மேல் பொடிப் பொடியாகக் கொசு மாதிரி பூச்சிகள். மடல் வெளிச்சத்தை உள்ளே விட்டுப் புறஊதாக் கதிரைத் தடுக்கிறது, மழையையும் குளிரையும் தாங்குகிறது. அந்தக் கதகதப்பில் வளரும் பூச்சிகள் மகரந்தச் சேர்க்கையும் செய்கின்றன, கொஞ்சம் விதையையும் தின்கின்றன. பல வருடம் இலையாகவே இருந்து, ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்துச் செத்துப்போகும் செடி இது.

வளர்க்க நினைப்பவர்கள் அந்தச் சரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 4,000 மீட்டருக்கு மேலே, கோடை முழுக்கக் குளிர்ந்த ஈரம், வேரடியில் தேங்காமல் ஓடும் தண்ணீர், குளிர்காலத்தில் பனிக்கு அடியில் உறக்கம். இந்தச் சூழலைத் தாழ்நிலத் தோட்டத்தில் அமைப்பது மிகக் கடினம். வெயிலில் வாடும், குளிர்கால மழையில் அழுகும். நீளமான ஆணிவேர் என்பதால் இடம் மாற்றினாலும் பிழைப்பது அரிது.

மடல் அழகுதான் வேண்டும் என்றால் ரியம் அலெக்சாண்ட்ரே நடுங்கள். சிச்சுவான், திபெத் பக்கத்துச் செடி, நோபிலேவை விடச் சிறியது. ஒருபோதும் காயாத, மட்கு நிறைந்த மண் கொடுத்தால் ஸ்காட்லாந்து மாதிரி குளிர்ந்த ஊரில் நன்றாக வரும். முதன்முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது ரியம் பால்மேட்டம். ஆழமான வளமான மண், பாதி நிழல், வசந்தத்தில் அடியில் கனமாக மட்கு உரம், அவ்வளவுதான். சிவப்புப் பூங்கொத்தோடு இரண்டு மீட்டர் தாண்டும், அதனால் இடம் தாராளமாக விடுங்கள். விதையை இலையுதிர் காலத்தில் தொட்டியில் விதைத்து வெளிக்குளிரிலேயே விட்டுவிட வேண்டும். இளம் துளிரை நத்தைகள் ஒரே ராத்திரியில் தின்றுவிடும், மாலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இலைத்தட்டில் ஆக்சாலிக் அமிலம் உண்டு, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், சரிவில் விதை கண்ணில் பட்டாலும் பையில் போடாதீர்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டவர் ஆராய்ச்சிக்கோ வணிகத்துக்கோ செடி, விதை எடுக்கச் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். தோட்டத்துக்கு நாற்றங்கால் விதையே போதும். இப்போது போகிறவர்கள், 2023 அக்டோபரில் தீஸ்தாவில் வந்த வெள்ளம் லாச்சன் சாலையைப் பலமாகச் சேதப்படுத்தியதால், முன்பணம் கட்டும் முன் சாலையும் அனுமதியும் திறந்திருக்கின்றனவா என்று காங்டாக்கில் விசாரித்துக்கொள்ளுங்கள்.