எக்செல்லா, வரைபடமா, தரவுத்தளமா? டர்பனில் ஒரு மண் துப்புரவுக் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் தெற்கு டர்பன், மியர்பேங்க். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மாசடைந்த மண்ணை அகற்றப் பழைய தொழிற்கூட நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் எழுபது வயது மதிக்கத்தக்க ஆன்ட்டி ஒருவர் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும், நாலு தமிழ்ச் சொல் கலந்த ஆங்கிலத்தில் கேட்டார்: “தம்பி, என் ஹெர்ப்ஸைப் பறிச்சுச் சமைக்கலாமா?” இந்த ஊர் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் கீரைக்கு ஹெர்ப்ஸ் என்றுதான் பெயர்.

140 மண் மாதிரிகளின் ஆய்வக முடிவு என் லேப்டாப்பில் இருந்தது. ஆனாலும் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. முடிவுகளுக்குக் குறைவில்லை, அவர் வேலிக்குப் பக்கத்தில் எடுத்தது அந்த 140-இல் எது என்பதுதான் தெரியவில்லை. துப்புரவு வேலையைத் திட்டமிட, கண்காணிக்க எந்தக் கருவி நல்லது என்று யாராவது கேட்டால், அன்று முதல் அந்தக் கேள்வியைப் படியாக வைத்துத்தான் அளக்கிறேன்.

எம்எஸ் ப்ராஜெக்ட் மாதிரி, வேலைகளை நாள்வாரியாகப் பட்டைகளாகக் காட்டும் அட்டவணை மென்பொருளை முதலிலேயே ஓரங்கட்டிவிடுகிறேன். வீடு கட்டும்போது எந்தத் தளத்தோடு வேலை முடியும் என்று முன்பே தெரியும். இங்கே அப்படியில்லை. குழியின் சுவரிலும் அடியிலும் எடுத்த மண் சுத்தம் என்று ஆய்வகம் சொல்கிறவரை முடிவுத் தேதி யாருக்கும் தெரியாது. தோண்டு, மாதிரி எடு, காத்திரு, மறுபடி தோண்டு, இவ்வளவுதான் வேலை. பொக்லைனை எத்தனை நாள் வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்யவும், நிலக்காரரிடம் காட்டவும் அந்தப் பட்டைகள் போதும்.

அடுத்தது எக்செல். எல்லோரிடமும் இருக்கிறது, ஆய்வகமும் முடிவுகளை அதில்தான் அனுப்புகிறது. ஆனால் அது தன் இஷ்டத்துக்குத் திருத்தும். ஆழம் என்ற பத்தியில் 1-2 என்று (ஒன்று முதல் இரண்டு மீட்டர்) அடித்தால் அதைத் தேதியாக்கிவிடும். பதறிப்போய் எண்ணாக மாற்றியபோது 45,000 சொச்சம் என்று காட்டியது. 45 கிலோமீட்டர் ஆழத்தில் மண் எடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தென்னாப்பிரிக்காவில் இதற்கு மேலும் ஒரு தலைவலி உண்டு. இங்கே விண்டோஸின் இயல்பு அமைப்பில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். ஆய்வகம் 0.03 என்று அனுப்புவதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கூட்டினாலோ சராசரி பார்த்தாலோ அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப்போய்விடும்.

இதைவிட மோசமானது, தேறிய கட்டத்துக்கு அடிக்கும் பச்சை நிறம். தென்னாப்பிரிக்கக் கழிவுச் சட்டத்தில் மாசடைந்த நிலங்களுக்கான பகுதி 2014 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மண்ணின் தர அளவுகளும் அப்போதே வெளியாயின. அதில் ஈயத்துக்கு மட்டும் நான்கு எல்லைகள் உண்டு. நீராதாரத்தைக் காக்கும் முதல்நிலை எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். முறைசாராக் குடியிருப்புக்கு 110, சாதாரணக் குடியிருப்புக்கு 230, வணிகத்துக்கும் தொழிற்சாலைக்கும் 1,900. ஒரு மாதிரியில் 180 வந்தால் அது தேறியதா, தேறவில்லையா? காக்க வேண்டிய நீராதாரமோ தகரக் கொட்டகை வீடுகளோ இருந்தால் தேறவில்லை, ஓட்டு வீடுகள் என்றால் தேறியது, தொழிற்சாலை என்றால் பேச்சே இல்லை. கட்டத்துக்குப் பச்சை அடித்துவிட்டுப் போனவர் எந்த எல்லையை மனதில் வைத்து அடித்தார் என்று மூன்று வருடம் கழித்து யாருக்குத் தெரியும்? தெற்கு டர்பனில் தொழிற்கூடமும் வீடும் ஒரே சுவரைப் பங்கு போடுகின்றன. ஆகவே தீர்ப்பை எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள். எந்த எல்லையோடு ஒப்பிட்டீர்கள் என்பதற்குத் தனிப் பத்தி வையுங்கள்.

இவ்வளவு திட்டினாலும், லாரிக் கணக்குக்கு எக்செல்லை அடிக்க ஆளில்லை. திட்டத்தில் 600 கன மீட்டர் மண் என்று போட்டிருப்போம். அது தரைக்குள் இறுகிக் கிடந்த மண். தோண்டி எடுத்தால் கால் பங்கு உப்பி 750 ஆகும், பத்துப் பத்தாக ஏற்றினால் 75 லோடு. எடைமேடை சொல்வதோ சுமார் 1,080 டன். ஒரே குழிக்கு 600, 750, 1,080 என மூன்று எண்கள் மூன்று தாளில் நிற்கும். நிலக்காரர் 150 கன மீட்டரை அதிகமாகக் காட்டி ஏமாற்றிவிட்டோம் என்பார். லோடுக்கு ஒரு வரி, அதில் சீட்டு எண், கேட்டைத் தாண்டிய நேரம், கிடங்கில் இறங்கிய நேரம், எடை, அழிப்புச் சான்றிதழ் என்று வைத்தால் அந்தச் சண்டை அங்கேயே முடியும். அபாயக் கழிவு என்றால் 2013 விதிகளின்படி ஒவ்வொரு லோடுக்கும் கைமாற்றுப் படிவம் கட்டாயம். எங்களுக்கு ஒருமுறை 75 லோடுக்கு 74 எடைச்சீட்டுதான் கிடைத்தது. காணாமல் போன அந்த ஒன்று டிரைவரின் தலைக்கு மேல், வெயில் மறைப்பில் செருகிக் கிடந்தது. எந்த வரி காலியாக இருக்கிறது என்று தெரிந்ததால்தான் எந்த டிரைவரைக் கூப்பிடுவது என்றும் தெரிந்தது.

ஆனால் ஆன்ட்டியின் கேள்விக்கு எக்செல் ஊமை. இருப்பதை அது வரிசையாகக் காட்டும், இல்லாததைக் காட்டாது. வரைபடம் ஜெயிப்பது இங்கேதான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். களத்தில் போனில் நிரப்பக் கோபோ டூல்பாக்ஸ் படிவம் போதும், அது இணையம் இல்லாமலும் ஓடும். 2023-இல் கிட்டத்தட்ட தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது அதன் அருமை தெரிந்தது. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். எங்கே எடுத்த படம் என்ற தகவலை அது உரித்துப் போட்டுவிடுகிறது.

டர்பனுக்கென்று வரைபடத்தில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே நிலஅளவையாளர்கள் தருவது ‘லோ 31’ ஆயத்தொலைவு. கணக்கு 31 டிகிரி தீர்க்கரேகையிலிருந்து தொடங்கும், மேற்கே போனால் கூட்டல், கிழக்கே போனால் கழித்தல். அந்தக் கோடு இந்த ஊரின் ஊடாகவே போகிறது. மியர்பேங்க் அதற்கு மேற்கே, நகர மையம் கிழக்கே. கழித்தல் குறி ஒன்று விட்டுப்போனால், கோட்டுக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் குழி மேற்கே இரண்டு கிலோமீட்டரில் போய் உட்காரும். வேறு ஊரில் புள்ளி கடலிலோ எங்கோ தொலைவிலோ விழும், பார்த்ததும் தப்பு தெரியும். இங்கே அது யாரோ ஒருவர் வீட்டு மேல் நிதானமாக உட்கார்ந்துகொள்ளும். போன் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் குழியின் சுவர்களுக்கு அளவையாளர்தான் வேண்டும். ஆழமும் வரைபடத்துக்கு எட்டாது. அரை மீட்டரில் எடுத்ததும் மூன்று மீட்டரில் எடுத்ததும் ஒரே புள்ளியாக ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, மண், நீர் அளவுகளுக்கென்றே செய்த ஈக்விஸ் போன்ற தனித் தரவுத்தளம். பதிவு செய்யாத மாதிரி எண்ணோ தப்பான அலகோ ஆய்வகக் கோப்பில் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். வருடா வருடம் உரிமத்துக்குப் பணம், பார்த்துக்கொள்ள ஒரு ஆள். 140 மாதிரிக்கு இதை வாங்குவது மலையைக் கெல்லி எலி பிடித்த கதை. நிலத்தடி நீர் என்றால் கதையே வேறு. 2001-இல் பிளஃப் பகுதியில் குழாய் கசிந்து வீடுகளுக்கு அடியில் பத்து லட்சம் லிட்டருக்கும் மேல் பெட்ரோல் இறங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் நீரின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பம்ப் வைத்து எடுப்பார்கள். கண்காணிப்புக் கிணற்றில் எண்ணெயின் அளவு குறையும், பம்பை நிறுத்துவார்கள், சில மாதத்தில் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் தெரிய வேண்டுமானால் ஒரே கிணற்றின் அளவுகள் ஒரே பெயரில் பல வருடங்களுக்கு இருக்க வேண்டும். இடையில் ஆலோசனை நிறுவனம் மூன்று தடவை மாறும், வருகிறவர் எல்லாம் கிணறுகளுக்குப் புதுப் பெயர் வைப்பார். ஆள் போனால் எக்செல்லும் கூடவே போய்விடும், தரவுத்தளம் நிலத்தோடு தங்கும். தெற்கு டர்பனின் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பிறகு ஓடவில்லை, மற்றது 2022-இல் நின்றது. அந்த நிலங்களுக்கு நான் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். பணம் இல்லையென்றால் கிணற்றுப் போக்கைப் பார்க்க மட்டும் ஜிடபிள்யூஎஸ்டாட் என்ற இலவசக் கருவி இருக்கிறது, கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் ஷெல்லும் சேர்ந்து செய்தது.

எங்களுடையதைப் போன்ற சின்ன நிலத்துக்கு என் தேர்வு: கியூஜிஐஎஸ்ஸும் கோபோவும் முதலில், லாரிக்கு மட்டும் எக்செல், அட்டவணைப் பட்டை ஒரே பக்கம்.

ஆன்ட்டியிடம் வருகிறேன். 140 புள்ளிகளையும் வரைபடத்தில் போட்டதும் பதில் வந்துவிட்டது: வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. நிலத்தின் எல்லை முடிந்த இடத்தில் எங்கள் அக்கறையும் முடிந்திருந்தது. மேலாளரிடம் கெஞ்சி, அவர் பாத்தியில் இரண்டு மாதிரி எடுத்தோம். இரண்டிலும் ஈயம் 230-க்கு நன்றாகவே கீழே. இலையில் தூசு படியும், நாலு தண்ணியில் கழுவிச் சமையுங்கள் என்று சொல்லி, தாளையும் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“சரி தம்பி. பக்கத்து வீட்டு ஆளு கேட்டா என்ன சொல்ல?”

அந்த வீட்டின் மேல் வரைபடம் வெள்ளையாக இருந்தது.