கேப்ரியின் டிக்கிக் கதவுக்கு எந்த கேஸ் ஸ்ட்ரட் வாங்கலாம்?

கோடை முழுக்கத் தூக்கிய இடத்தில் நின்ற கதவு, டிசம்பரில் ஒரு காலை என் தலைமேல் இறங்கியது. என் கார் 1983 ஃபோர்டு கேப்ரி 2.8 இன்ஜெக்‌ஷன்; இங்கிலாந்துக் குளிரில் நிற்கிறது. கதவைத் தாங்கும் வாயுக் குழாய்தான் கேஸ் ஸ்ட்ரட், பக்கத்துக்கு ஒன்று. வலப்பக்க ஸ்ட்ரட்டில், கம்பி குழாய்க்குள் நுழையும் இடத்தில், எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிக் கறுப்பு வளையமாகப் படிந்திருந்தது. கசியாமல் அடைத்துவைக்கும் ரப்பர் சீல் போய்விட்டது.

குளிரில் ஏன் முதலில் காட்டிக்கொடுக்கிறது? உள்ளே இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். 20 டிகிரியில் 300 நியூட்டன் விசையோடு தள்ளும் ஸ்ட்ரட், 0 டிகிரியில் ஏறக்குறைய 280 நியூட்டன்தான் தள்ளும். தேய்ந்த ஸ்ட்ரட்டுக்கு அந்த 20 நியூட்டனே போதும், கைவிட்டுவிடும். கேப்ரிக்கு இது பெரிய விஷயம். 1974-இல் இரண்டாம் தலைமுறையில்தான் பின்கண்ணாடியோடு சேர்ந்து தூக்கும் கதவு வந்தது; கண்ணாடியும் இரும்பும் சேர்ந்த அந்த எடையோடு என் காரில் ஸ்பாய்லர் (கதவின் பின்விளிம்பில் காற்றுக்காகப் பொருத்திய பட்டை) வேறு.

சரி, என்ன வாங்குவது? பழைய கார் உடைக்கும் இடத்தில் கிடைப்பதை விட்டுவிடுங்கள், அதுவும் நம்முடையதைப் போலவே கிழடு.

பெட்டி பிரிக்காத அசல் பழைய சரக்கைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கேப்ரி உற்பத்தி 1986-இல் நின்றுவிட்டது. ரப்பர் சீல் பெட்டிக்குள்ளும் வயதாகிக்கொண்டுதான் இருக்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோகும் காருக்கு, அசல் உதிரியின் முத்திரை முக்கியம் என்றால் வாங்கலாம். தினமும் டிக்கி திறப்பவருக்கு வேண்டாம்.

இன்றைய மாற்று உதிரி விலை குறைவு, உடனே கிடைக்கும். பெரும்பாலானோர் இதைத்தான் வாங்குகிறார்கள். நானும் முதலில் இதைத்தான் வாங்கினேன். 'கேப்ரிக்குப் பொருந்தும்' என்று போட்டிருந்தது. பொருந்தவும் செய்தது. ஆனால் ஸ்பாய்லர் இல்லாத கதவுக்கான விசை போலிருக்கிறது. பாதி தூக்கியதும் தயங்கி, மெல்ல இறங்கியது. வாங்குமுன் பழைய குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் நியூட்டன் எண்ணைப் பாருங்கள். அழிந்திருந்தால், விற்பவரிடம் ஸ்பாய்லர் இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

'அப்படியானால் நல்ல வலுவானதாகப் போட்டுவிடலாமே' என்று தோன்றும். கூடாது. 40 வயதுக் காரில் கீல் பிடித்திருக்கும் தகடு துருவேறியிருக்கலாம். அளவுக்கு மீறித் தள்ளும் ஸ்ட்ரட் அந்தத் தகட்டைத்தான் வளைக்கும். கதவை மூடவும் முழு உடம்பால் அழுத்த வேண்டிவரும்.

என் தேர்வு அளவுக்குச் செய்து தரும், வால்வு உள்ள ஸ்ட்ரட். விலை அதிகம், சில நாள் காத்திருக்க வேண்டும், ஆனாலும் இதுதான் சரி. முழுதாக நீட்டிய நிலையில் ஒரு முனையிலுள்ள பந்து மூட்டின் நடுவிலிருந்து மறுமுனை மூட்டின் நடுவரை நீளம், கம்பி எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, இரண்டையும் அளந்து கொடுங்கள். விசையைக் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள். வண்டியில் மாட்டி, வால்வைச் சிறு சாவியால் மயிரிழை திறந்து, 'உஸ்' என்று வாயுவை விட்டுப் பார்க்கலாம். விட்டதைத் திரும்ப அடைக்க வீட்டில் முடியாது. அதனால் ஒரு நொடி திற, மூடு, கதவைத் தூக்கிப் பார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. குளிரான காலையில் இதைச் செய்யுங்கள், வெயிலில் சரிபார்த்தால் ஜனவரியில் ஏமாறுவீர்கள். எனக்கு நான்கு முறை திறந்து மூட வேண்டியிருந்தது. இப்போது பாதிக்கு மேல் தானாகவே எழுகிறது.

எதை வாங்கினாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கதவு முறுக்கிக்கொள்ளும். மாற்றும்போது கதவைத் தடித்த கட்டையால் முட்டுக் கொடுங்கள், அல்லது ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கதவு மூடியிருக்கும்போது கம்பி கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். அப்புறம், கழற்றியதை வெட்டவோ துளை போடவோ வேண்டாம். செத்துப்போன ஸ்ட்ரட்டிலும் அழுத்தம் மிச்சமிருக்கும்.