பிரெஞ்சு படிக்க காசு எங்க போடலாம், எங்க போட வேணாம்: செட்டிநாட்டுப் பக்கம் வேலை பாக்குறவங்களுக்கு ஒரு அலசல்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் வீடு சுத்திக்காட்டுற தம்பிங்க, ஹோம்ஸ்டேல வேலை பாக்குறவங்க, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடை வச்சிருக்கவங்க, எல்லாரும் பிரெஞ்சு டூரிஸ்ட் சீசன் வர்றதுக்கு முன்னாடி கேக்குறது ஒண்ணுதான், "அண்ணே, பிரெஞ்சு கொஞ்சம் பேசணும், எந்த ஆப்பு நல்லாருக்கும்?" ஆப்புன்னுதான் கேக்குறாங்க, அங்கயே பாதி தப்பாப் போயிருது.

எல்லாரும் மொதல்ல போறது டூயோலிங்கோ ஆப்புக்கு. ஃப்ரீ, தினமும் நோட்டிஃபிகேஷன் வந்து புடிச்சு உக்கார வைக்கும், எழுத்தும் சின்னச் சின்ன வார்த்தையும் பழகிரும். அதுக்கு மேல அத நம்ப வேணாம். அதுல பெரும்பாலும் நம்ம வேலை திரையில இருக்குற வார்த்தைய தட்டி தட்டி அடுக்குறது, ஆனா வளவுல நின்னுக்கிட்டு இருக்குற கெஸ்ட் கேள்வி கேக்குறப்ப தட்டுறதுக்கு கீழ வார்த்தை எதுவும் வராதுல்ல. காசு கட்டுனா விளம்பரம் போகும், நடுவுல நிறுத்துற தொல்லை போகும், பாடம் என்னமோ அதேதான், அதனால அந்தக் காசு வேஸ்ட்டுங்கறது என் கருத்து.

லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர்னு ஒண்ணு இருக்கு, இங்க யாருக்கும் தெரியல. முழுக்க ஆடியோ, மொத்தமும் ஃப்ரீ, ஒரு வாத்தியாரும் ஒரு ஸ்டூடண்டும் பேசிக்கிறத கேட்டுக்கிட்டே, அந்த ஸ்டூடண்ட் பதில் சொல்றதுக்கு முன்னாடி நிறுத்தி நாம வாய்விட்டுச் சொல்லணும், எழுதிவைக்கவே கூடாதுங்குறாரு வாத்தியாரு. வாக்கியத்த நாமளே கட்டுற தைரியம் இதுல வர்ற மாதிரி டூயோலிங்கோல வராது. ரெண்டு குறை உண்டு. விளக்கம் இங்கிலீஷ்ல, அப்புறம் ஸ்பானிஷுக்கு இருக்குற மாதிரி முழு கோர்ஸ் பிரெஞ்சுக்கு இல்ல, அறிமுகம் வரைக்கும்தான். இருந்தாலும் ஆரம்பத்துக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

மனப்பாடத்துக்கு ஆங்கி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலுமா கார்டு போட்டுப் படிக்கிற ஆப்பு. ஆண்ட்ராய்டுலயும் கம்ப்யூட்டர்லயும் ஃப்ரீ, ஐபோன்ல மட்டும் காசு, அதுவும் கொஞ்சம் கூடுதல்தான். நாம மறக்கப்போற நேரமா பாத்து அந்த கார்ட திரும்பக் கொண்டுவந்து காட்டும், அவ்வளவுதான் அதோட வேலை. ரெடிமேட் கார்டு எறக்காதீங்க, அதுல ஏர்போர்ட்டும் பனிச்சறுக்கும்தான் இருக்கும். முகப்பு, திண்ணை, பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுவரு, இதெல்லாம் பிரெஞ்சுல எப்படிச் சொல்றதுன்னு நீங்களே போடுங்க. முக்கியமா நம்பர். 90ன்னு சொல்ல அவங்க நாலு இருபதும் பத்தும்பாங்க, "காத்ர வான் தீஸ்"னு. வீடு 1890ல கட்டுனதுன்னு சொல்றதுக்குள்ள கெஸ்ட் அடுத்த கட்டுக்குப் போயிருவாரு, அதனால வருஷமும் விலையும் தனியா கார்டு போட்டு வாய்விட்டே பழகணும்.

ரேடியோல, பிரான்ஸோட ஆர்.எஃப்.ஐ. ரேடியோ தர்ற எளிய பிரெஞ்சு நியூஸ், தினமும் 10 நிமிஷம், பேசுறது அப்படியே எழுத்திலயும் இருக்கும். டிவி5மோந்த்ங்குற பிரெஞ்சு டிவி சேனல் சைட்ல வீடியோவோட பயிற்சி, ஏ1ங்குற ஆரம்ப நிலைல இருந்தே ஆரம்பிக்குது. ரெண்டும் ஃப்ரீ. புதுசா ஆரம்பிக்கிறவங்க டிவி5மோந்த் போங்க, நியூஸ் கொஞ்சம் காது பழகுனப்புறம்.

இப்ப காசு. போட்டா மனுஷனுக்குப் போடுங்க. பிரெஞ்சு சொல்லிக்குடுக்குற அலியான்ஸ் பிரான்சேஸ் பாண்டிச்சேரில 1889லேர்ந்து இருக்கு, சென்னையிலயும் இருக்கு, ஆனா கிளாஸுக்காக வாராவாரம் விடியக்காலைல பல்லவன் ரயில் புடிச்சு ஓட முடியாது, ஆன்லைன் பேட்ச்தான் நமக்கு. ஒழுங்கா அடுக்கடுக்கா போவாங்க, பரீட்சை எழுதுறவங்களுக்கு அதுதான் சரி. பேசினா போதும்ங்கிறவங்களுக்கு ஐடாக்கிங்குற ஆன்லைன் டீச்சர் சைட் தோதுப்படும், ஒவ்வொரு டீச்சரும் அவரவர் ரேட்டு போட்டிருப்பாங்க, டீச்சர் சர்டிஃபிகேட் இல்லாத கம்யூனிட்டி டியூட்டர்னு ஒரு வகை இருக்கு, அவங்க பொதுவா சல்லிசு. மொத கிளாஸ்லயே "எனக்கு இலக்கணம் வேணாம், நான் வீட்ட சுத்திக்காட்டுறேன், நீங்க கெஸ்ட் மாதிரி குறுக்க கேள்வி கேளுங்க, தப்ப திருத்துங்க"ன்னு சொல்லிருங்க. மாசத்துக்கு ரெண்டு கிளாஸ் இப்படி எடுத்தா போதும், மீதி நாளு ஃப்ரீ சமாச்சாரம்.

அப்புறம் மூணே மாசத்துல சரளமா பேசலாம்னு விளம்பரம் வருதே, அமெரிக்காவுல தூதரக ஆளுங்களுக்குச் சொல்லிக்குடுக்குற இடத்துலயே, இங்கிலீஷ் தாய்மொழியா உள்ளவங்களுக்கே, பிரெஞ்சுக்கு கிட்டத்தட்ட 700 மணி நேரம் கிளாஸ் கணக்கு வச்சிருக்காங்க. தினமும் அரை மணி நேரம் படிச்சா நமக்கு வருஷத்துக்கு 180 மணி நேரம்தான் ஆகும். அதனால சரளத்த விட்டுட்டு, முகப்புலேர்ந்து அடுப்படி வரைக்கும் 20 நிமிஷம் தடங்கலில்லாம பேசுறத குறி வைங்க, அது ஒரு சீசனுக்குள்ள ஆகுற வேலை.

கனடா போற யோசனை இருக்கவங்க கேஸ் வேற, அவங்களுக்கு டெஃப், டிசிஎஃப்னு பிரெஞ்சு பரீட்சைங்க இருக்கு, ரிசல்ட் 2 வருஷம்தான் செல்லும், சீக்கிரமே எழுதி வச்சுக்காதீங்க. டெல்ஃப்னு இன்னொரு பிரெஞ்சு பரீட்சையோட சர்டிஃபிகேட் ஆயுசுக்கும் செல்லும், ஆனா இங்க ஹோம்ஸ்டே வேலைக்கு அத யாரும் கேக்குறதில்ல.